வட்டமும் செவ்வகமும்: கேமரா சென்சார் அளவும் லென்ஸ் பொருத்தமும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு நேரெதிரே 10 மீட்டர் தள்ளி இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் கேமராவிலும் 50 மி.மீ. லென்ஸ். ஒருவர் எடுத்த படத்தில் 7.2 மீட்டர் அகலத்துக்குக் காட்சி அடங்குகிறது. சிலையோடு சுற்றியுள்ள கருங்கல் தூண்களுக்கும் தாராளமாக இடம் கிடைக்கிறது. அடுத்தவர் படத்தில் 4.7 மீட்டர் அகலம்தான். சிலை பெரிதாகத் தெரிகிறது, சுற்றுப்புறம் சுருங்கிவிட்டது.

நின்ற இடம் ஒன்று, லென்ஸும் ஒன்று. மாறியது கேமராவுக்குள் இருக்கும், வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லான சென்சாரின் அளவு மட்டும். புதிதாக டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வாங்கியவர்களை இதைப்போலக் குழப்புவது வேறில்லை. லென்ஸ் வாங்கப் போகும்போது இதே குழப்பம் கைக்காசையும் கரைத்துவிடும். அதனால் நிதானமாகவே பார்த்துவிடலாம்.

லென்ஸ் தருவது வட்டம்

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பகல் நேரத்தில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள். லென்ஸைக் கழற்றி, அதன் முன்பக்கம் ஜன்னலைப் பார்க்கும்படி பிடியுங்கள். (கழற்றியதும் பாடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவுக்கு, மூடி போட்டுவிடுங்கள், கடலூர், புதுச்சேரிக் காற்றில் உப்பும் தூசியும் எப்போதும் உண்டு.) லென்ஸின் பின்பக்கத்திலிருந்து நாலரை சென்டிமீட்டர் தள்ளி ஒரு வெள்ளைத்தாளை வைத்து, முன்னும் பின்னும் மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் ஜன்னலும் வெளியே இருக்கும் தென்னையும் தலைகீழாகத் தாளில் வந்து விழும். நிக்கான் லென்ஸாக இருந்தால் பாடியிலிருந்து கழற்றியதும் அபெர்ச்சர் (வெளிச்சம் புகும் துளை) தானாக மூடிக்கொள்ளும். பின்பக்கம் உள்ள குட்டி நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடித்தால் திறக்கும். சூரியன் நேராகத் தெரியும் ஜன்னல் மட்டும் வேண்டாம்.

தாளில் விழும் அந்தப் பிம்பத்தைக் கவனியுங்கள். அது வட்டமாக இருக்கும். நடுவில் பளிச்சென்று இருந்து, விளிம்புக்குப் போகப் போக மங்கி, அப்புறம் இருட்டு. லென்ஸ் செய்யும் வேலை இவ்வளவுதான்: வெளியே இருப்பதை ஒரு வட்டமாக உள்ளே கொண்டுவந்து போடுவது. அந்த வட்டத்துக்குள் ஒரு செவ்வகத்தை வெட்டி எடுத்துக்கொள்வது சென்சாரின் வேலை. இனிமேல் சொல்லப்போவது எல்லாமே இந்த வட்டத்துக்கும் இந்தச் செவ்வகத்துக்கும் இடையில் உள்ள உறவுதான்.

செவ்வகம் பெரிதாக இருந்தால் வட்டத்தின் பெரும்பகுதி படமாகும். சிறிதாக இருந்தால் நடுப்பகுதி மட்டும் படமாகும். காந்தி சிலைப் படங்களில் நடந்தது இதுதான். வட்டத்தைவிடச் செவ்வகம் பெரிதாகிவிட்டால் மூலைகள் இருட்டாகிவிடும். லென்ஸ் பொருந்துமா என்ற கேள்வியின் முதல் பாதி இங்கேதான் இருக்கிறது.

அளவுகள்

ஃபுல் ஃப்ரேம் என்று சொல்லப்படும் சென்சாரின் அளவு 36 மி.மீ.க்கு 24 மி.மீ. இது பழைய 35 மி.மீ. ஃபிலிம் சுருளில் ஒரு படம் பிடித்துக்கொள்ளும் இடம். ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்து 1925ல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமரா இந்த அளவை நிலைநிறுத்தியது. சிறிய சென்சாருக்கு ஏ.பி.எஸ்-சி என்று பெயர். 1996ல் வந்து சீக்கிரமே வழக்கொழிந்த ஏ.பி.எஸ். ஃபிலிமில் இதை ஒட்டிய அளவு ஒன்று இருந்தது, அதிலிருந்து வந்த பெயர். நிக்கான் தன் ஏ.பி.எஸ்-சி சென்சாரை டி.எக்ஸ். என்று அழைக்கிறது: ஏறக்குறைய 23.5க்கு 15.6 மி.மீ. கேனானுடையது இன்னும் கொஞ்சம் சிறியது: 22.3க்கு 14.9 மி.மீ.

அகலத்தில் பார்த்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பரப்பளவில் பாருங்கள். ஃபுல் ஃப்ரேம் 864 சதுர மி.மீ.; நிக்கான் டி.எக்ஸ். சுமார் 367, கேனான் ஏ.பி.எஸ்-சி சுமார் 332. ஃபுல் ஃப்ரேம் இரண்டு மடங்குக்கும் மேல். விலை வித்தியாசத்துக்கு முக்கியமான காரணமும் இதுவே. சென்சார்களைச் சிலிக்கான் தகட்டில் அச்சிட்டு வெட்டி எடுக்கிறார்கள். பெரிய சென்சார்கள் ஒரு தகட்டில் குறைவாகத்தான் அடங்கும். தகட்டில் எங்காவது ஒரு குறை இருந்தால் அது விழுந்த சென்சார் முழுதும் வீண். பெரிய சென்சாரில் அப்படிக் குறை விழும் வாய்ப்பும் அதிகம். நிக்கானின் முதல் டி.எக்ஸ். கேமராவான டி1 1999ல் வந்தது. அதே நிறுவனம் டி3 வழியாக ஃபுல் ஃப்ரேமுக்கு வர 2007 ஆகிவிட்டது.

இப்போது கிராப் ஃபேக்டர். ஃபுல் ஃப்ரேமின் அகலத்தை உங்கள் சென்சாரின் அகலத்தால் வகுத்தால் வரும் எண் அது. நிக்கான் டி.எக்ஸுக்கு 1.5, கேனான் ஏ.பி.எஸ்-சிக்கு 1.6. ஒரு 50 மி.மீ. லென்ஸை டி.எக்ஸ். பாடியில் போட்டால், ஃபுல் ஃப்ரேமில் 75 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவு காட்சி கிடைக்கும், கேனான் ஏ.பி.எஸ்-சி பாடியில் 80 மி.மீ. காட்டும் அளவு.

இதை வைத்துப் பலரும், "என் கேமராவில் இது 75 எம்.எம். ஆகிவிடும்" என்கிறார்கள். ஆகாது. லென்ஸில் அச்சிட்டிருக்கும் குவியத் தூரம் கண்ணாடிகளின் அமைப்பால் வருவது. எந்தப் பாடியில் மாட்டினாலும் 50 மி.மீ. 50தான். மாறுவது காட்சியின் அகலம் மட்டும். முகத்தின் மூக்கு, காது விகிதமோ, முன்னால் உள்ள தூணும் பின்னால் உள்ள கட்டடமும் ஒட்டித் தெரிவதோ, நீங்கள் நிற்கும் தூரத்தைப் பொறுத்தது. சென்சாரைப் பொறுத்தது இல்லை. அதேபோல, "இது டி.எக்ஸுக்கென்றே செய்த லென்ஸ், அதனால் பெருக்க வேண்டாம்" என்பதும் தவறு. கேமராவோடு சேர்த்துத் தரும் கிட் லென்ஸில் 18-55 என்று போட்டிருப்பதும் உண்மையான குவியத் தூரம்தான். ஃபுல் ஃப்ரேமோடு ஒப்பிட வேண்டுமென்றால் அதையும் 1.5ஆல் பெருக்கத்தான் வேண்டும்: 27-82 என்று வரும்.

உண்மையில் இந்தப் பெருக்கலைவிட நேரான ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு இதுதான் பிடிக்கும். சென்சார் அகலத்தைக் குவியத் தூரத்தால் வகுத்து, நிற்கும் தூரத்தால் பெருக்கினால், படத்தில் எவ்வளவு அகலம் அடங்கும் என்று மீட்டரிலேயே தெரிந்துவிடும். 23.5ஐ 50ஆல் வகுத்து 10ஆல் பெருக்கினால் 4.7 மீட்டர்.

ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போவோம். மேடையில் மணமக்களோடு பத்துப் பேர் வரிசையாக நிற்கிறார்கள், 5 மீட்டர் அகலம். டி.எக்ஸ். பாடியில் 50 மி.மீ. லென்ஸ் இருந்தால், எல்லாரும் அடங்க நீங்கள் 10.6 மீட்டர் பின்னால் போக வேண்டும். அதாவது நாற்காலி வரிசைகளுக்குள்ளே. "தம்பி, கொஞ்சம் நகரு" என்று பின்னால் இருப்பவர்கள் சத்தம் போடுவார்கள், வீடியோக்காரரும் குறுக்கே வருவார். ஃபுல் ஃப்ரேமில் இதே லென்ஸோடு 7 மீட்டர் போதும். டி.எக்ஸிலேயே 35 மி.மீ. லென்ஸ் போட்டால் ஏழரை மீட்டர். டி.எக்ஸ். கேமரா வைத்திருப்பவர்களுக்கு முதல் பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸாக 50ஐவிட 35 மி.மீ. எஃப்/1.8 டி.எக்ஸ். (எஃப் எண் அபெர்ச்சர் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்லும்) நல்லது என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம். 50 மி.மீ. தனி ஆள் படத்துக்கு அருமை. வீட்டுக் கூடத்தில் நாலு பேரை எடுக்கப் பின்னால் சுவர் இடிக்கும்.

புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதி வீதிகளில் இன்னும் நெருக்கடி. எதிர்ச் சுவரோரம் முதுகை ஒட்டி நின்றாலும் மஞ்சள் வீட்டு முகப்புக்கு 6 மீட்டர்தான் தூரம் என்றால், கிட் லென்ஸின் 18 மி.மீ. முனையில் 7.8 மீட்டர் அகலம் கிடைக்கும். ஃபுல் ஃப்ரேமில் அதே 18 மி.மீ. 12 மீட்டரைக் காட்டும். அகலக் காட்சிதான் உங்கள் விருப்பம் என்றால், சிறிய சென்சாருக்கென்றே செய்த 10 அல்லது 11 மி.மீ.யில் தொடங்கும் லென்ஸைத்தான் தேட வேண்டும்.

பறவைக்காரர்களுக்கு நிலைமை நேர்மாறு. ஊசுடு ஏரிக்கரையில் நின்று 60 மீட்டர் தள்ளி நிற்கும் நாரையை 300 மி.மீ. லென்ஸில் எடுத்தால், டி.எக்ஸில் 4.7 மீட்டர் அகலக் காட்சி. ஃபுல் ஃப்ரேமில் 7.2. "கிராப் சென்சாரில் சும்மாவே கூடுதல் ஜூம் கிடைக்கும்" என்று சொல்வது இதைத்தான். ஆனால் சென்சாரின் மேல் விழும் நாரையின் பிம்பம் இரண்டிலும் ஒரே அளவு. இரண்டுமே 24 மெகாபிக்சல் என்றால், டி.எக்ஸில் பிக்சல்கள் நெருக்கமாக இருப்பதால் நாரைக்குக் கூடுதல் பிக்சல் கிடைக்கும். அது உண்மையான லாபம். 45.7 மெகாபிக்சல் உள்ள நிக்கான் டி850ல் எடுத்து நடுப்பகுதியை மட்டும் வெட்டிக்கொண்டால் 19 மெகாபிக்சல் வரும். அங்கே டி.எக்ஸின் லாபம் ஏறக்குறைய கரைந்துவிடும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எஃப்/2.8 எந்தச் சென்சாரிலும் எஃப்/2.8தான், ஷட்டர் வேகம் மாறாது. ஆனால் பெரிய சென்சார் மொத்தத்தில் அதிக வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் விடிவதற்கு முன்பே எடுக்கும் படங்களில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல், அதே தலைமுறை ஃபுல் ஃப்ரேமில் ஒரு ஸ்டாப்புக்கு (வெளிச்சம் இரு மடங்காகும் அளவுக்கு) சற்று மேலேயே குறையும். ஒரே அளவு காட்சியை ஒரே எஃப் எண்ணில் எடுத்தால் பின்னணி மங்குவதும் ஃபுல் ஃப்ரேமில் அதிகம். பகல் வெளிச்சத்தில் எடுப்பவர்களுக்கு இந்த வித்தியாசத்துக்காக அவ்வளவு பணம் போடத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

எந்த லென்ஸ் எந்தப் பாடிக்கு

"அண்ணே, இது என் கேமராவுக்குச் சேருமா?" என்று கடையில் கேட்டால், "நிக்கான்தானே, சேரும்" என்று பதில் வரும். மாட்டுவதற்குச் சேரும். மாட்டிய பிறகு வேலை செய்யுமா என்பது வேறு கேள்வி.

கேனானை முதலில் எடுத்துக்கொள்வோம், அது எளிது. 1987ல் வந்த இ.எஃப். மவுண்ட்டில் (மவுண்ட் என்பது லென்ஸ் பாடியில் பொருந்தும் வாய்) எல்லா ஆட்டோ ஃபோகஸ் லென்ஸுக்குள்ளும் மோட்டார் இருக்கிறது. அதனால் எந்த இ.எஃப். லென்ஸும் எந்தக் கேனான் டி.எஸ்.எல்.ஆரிலும் தானாக ஃபோகஸ் செய்யும். இதில் சிவப்புப் புள்ளி இருக்கும். 2003ல் சிறிய சென்சாருக்கென்று இ.எஃப்-எஸ் லென்ஸ்கள் வந்தன. இவற்றில் வெள்ளைச் சதுரம் இருக்கும். உங்கள் பாடியின் வாயில் இரண்டு அடையாளமும் இருந்தால் இரண்டு வகையும் சேரும். சிவப்புப் புள்ளி மட்டும் இருந்தால் அது ஃபுல் ஃப்ரேம் அல்லது மிகப் பழைய மாடல், இ.எஃப்-எஸ் அதில் ஏறாது. வலுக்கட்டாயமாக ஏற்றவும் கூடாது. இந்த லென்ஸின் பின்கண்ணாடி பாடிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஃபுல் ஃப்ரேம் பாடிக்குள் இருக்கும் பெரிய பிரதிபலிக்கும் கண்ணாடி படம் எடுக்க மேலெழும்போது அதில் இடிக்கும்.

நிக்கானின் எஃப் மவுண்ட் 1959லிருந்து வடிவம் மாறாமல் இருக்கிறது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் சிக்கலும் அதனால்தான். டி.எக்ஸ். லென்ஸ் ஃபுல் ஃப்ரேம் பாடியில் மாட்டும். கேமரா அதைக் கண்டுபிடித்து நடுப்பகுதியை மட்டும் தானாக எடுத்துக்கொள்ளும். 24 மெகாபிக்சல் டி750ல் இப்படி எடுத்தால் படம் 10 மெகாபிக்சலாகிவிடும். அவசரத்துக்கு உதவும், நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஃபுல் ஃப்ரேம் லென்ஸை டி.எக்ஸ். பாடியில் மாட்டுவதில் ஒரு தடையும் இல்லை. பெரிய வட்டத்தில் சின்னச் செவ்வகம், மூலைகளின் குறைகள்கூட வெளியே போய்விடும்.

தொடக்கநிலை நிக்கான் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வது மோட்டார் விஷயத்தில்தான். பழைய ஏ.எஃப்., ஏ.எஃப்-டி லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்கும் மோட்டார் ஒரு திருகின் வழியாக அவற்றைச் சுழற்றும். 2006ல் வந்த டி40 தொடங்கி, டி3000 வரிசை, டி5000 வரிசை பாடிகளில் அந்த மோட்டாரை எடுத்துவிட்டார்கள். ஆகவே 50 மி.மீ. எஃப்/1.8 டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி டி3500ல் மாட்டினால், ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். வ்யூஃபைண்டரின் ஓரத்தில் எரியும் பச்சைப் புள்ளி உதவும். ஆனால் ஓடுகிற குழந்தையை அப்படிப் பிடிக்க முடியாது. 50 மி.மீ. எஃப்/1.8 ஜி லென்ஸில் ஏ.எஃப்-எஸ் என்று போட்டிருக்கும். அதற்குள் மோட்டார் உண்டு. டி90, டி7000 வரிசை, ஃபுல் ஃப்ரேம் பாடிகளில் மோட்டார் இருப்பதால் டி லென்ஸும் நன்றாக ஓடும். இன்னொன்று: டி லென்ஸில் அபெர்ச்சர் வளையத்தை மிகப் பெரிய எண்ணில், 50 மி.மீ.யில் 22ல், வைத்துப் பூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் கேமரா பிழை காட்டிப் படமே எடுக்காது. பாவம், லென்ஸ் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ஏ.எஃப்-பி என்று போட்ட புது வகை லென்ஸ்கள் சில பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. மாடல் எண்ணைச் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள். 1977க்கு முந்தைய, ஏ.ஐ. (லென்ஸின் அபெர்ச்சரைப் பாடிக்குத் தெரிவிக்கும்) முறை வராத காலத்து நிக்கான் லென்ஸை இடைநிலை, உயர்நிலை டிஜிட்டல் பாடியில் மாட்டினால், மவுண்ட் ஓரத்தில் இருக்கும் சிறு நெம்புகோல் உடைந்துபோக வாய்ப்பு உண்டு.

டாம்ரானும் சிக்மாவும் இரண்டு நிறுவனப் பாடிகளுக்கும் லென்ஸ் செய்கின்றன. சிக்மாவில் டி.ஜி. என்றால் ஃபுல் ஃப்ரேம் வட்டம், டி.சி. என்றால் சிறிய வட்டம். டாம்ரானில் டிஐ என்றால் ஃபுல் ஃப்ரேம், டிஐ டூ என்றால் சிறியது. கேனான் மவுண்ட்டுக்குச் செய்த டி.சி., டிஐ டூ லென்ஸ்கள் ஃபுல் ஃப்ரேம் கேனானிலும் மாட்டிவிடும், இ.எஃப்-எஸ் போலத் தடுக்காது. மாட்டிப் படம் எடுத்தால் மூலைகள் கறுப்பாக இருக்கும்.

"நாளைக்கு ஃபுல் ஃப்ரேம் வாங்குவேன், அதனால் இப்போதே அதற்கான லென்ஸ் வாங்கிவிடுகிறேன்" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தூரத்தைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸும் 50, 85 மி.மீ. பிரைமும் அப்படி வாங்கலாம், தவறில்லை. 24-70 எஃப்/2.8ஐ டி.எக்ஸில் போட்டால் 36-105 போல ஆகி, அகலக் காட்சியே கையை விட்டுப் போய்விடும். சிறிய சென்சாருக்கான டாம்ரான் 17-50 எஃப்/2.8 அதைவிட மிகக் குறைந்த விலையில் அதே வேலையைச் செய்யும். வராத பாடிக்காக இருக்கிற பாடியைப் பட்டினி போட வேண்டாம்.

வீட்டில் கிடக்கும் பழைய லென்ஸ்

சித்தப்பா வைத்திருந்த ஃபிலிம் கேமராவின் லென்ஸைப் பயன்படுத்த முடியுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இங்கே பார்க்க வேண்டியது மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் இடையே உள்ள தூரம். நிக்கான் எஃப் மவுண்ட்டில் இது 46.5 மி.மீ.; கேனான் இ.எஃப்பில் 44 மி.மீ. நிக்கான் லென்ஸைக் கேனான் பாடியில் போட்டால் இடையே 2.5 மி.மீ. மிச்சம் இருக்கிறது, அந்தத் தடிமனில் ஓர் அடாப்டர் வளையம் போட்டு, கையால் ஃபோகஸ் செய்து எடுக்கலாம். கேனான் லென்ஸை நிக்கானில் போட்டால் லென்ஸ் தேவையானதைவிட விலகி நிற்கும். பக்கத்தில் உள்ளது மட்டும் தெளிவாக விழும், தூரத்துக் கலங்கரை விளக்கம் எவ்வளவு திருகினாலும் மங்கலாகத்தான் இருக்கும். கேனான் ஏ.இ-1 காலத்து எஃப்.டி. லென்ஸுக்கு இந்தத் தூரம் 42 மி.மீ. என்பதால், கேனானின் சொந்த டி.எஸ்.எல்.ஆரில்கூட இடையில் கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாமல் அது சேராது.

மிரர்லெஸ் கேமராவில் நடுவே எழும்பும் கண்ணாடி கிடையாது. அதனால் தூரம் மிகக் குறைவு: கேனான் ஆர்.எஃப். 20 மி.மீ., நிக்கான் இசட் 16 மி.மீ. எந்தப் பழைய லென்ஸுக்கும் இடையில் வளையம் போட இடம் கிடைத்துவிடுகிறது. கேனான் அடாப்டரில் இ.எஃப்., இ.எஃப்-எஸ் இரண்டும் ஆட்டோ ஃபோகஸோடு ஓடும். ஃபுல் ஃப்ரேம் பாடி இ.எஃப்-எஸ்ஸைக் கண்டால் தானாக நடுப்பகுதிக்கு மாறிக்கொள்ளும். நிக்கானின் எஃப்.டி.இசட். அடாப்டரில் ஏ.எஃப்-எஸ் ஓடும், அடாப்டருக்குள் மோட்டார் இல்லாததால் ஏ.எஃப்-டிக்கு இங்கும் கைதான். இரண்டு நிறுவனங்களின் உயர்நிலை டி.எஸ்.எல்.ஆர். வரிசையும் 2020ல் வந்த கேனான் 1டி எக்ஸ் மார்க் 3, நிக்கான் டி6 ஆகியவற்றோடு நின்றுவிட்டது. ஸ்டூடியோக்காரர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறி விற்கும் நல்ல லென்ஸ்கள் கைமாறிக்கொண்டிருக்கின்றன. தெரிந்து வாங்கினால் தொடக்கநிலைக்காரர்களுக்கு இது நல்ல காலம்.

கைமாறிய லென்ஸ் வாங்கப் போகும்போது உங்கள் பாடியையும் மெமரி கார்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். மாட்டியதும் திரையில் எஃப் எண் தெரிகிறதா, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் மோட்டார் ஓடுகிறதா என்று பாருங்கள். வெள்ளைச் சுவரை அகலமான முனையில், அபெர்ச்சரை முழுதும் திறந்து ஒரு படம் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். லேசாக மங்கியிருந்தால் பரவாயில்லை, கறுத்திருந்தால் அந்த வட்டம் உங்கள் சென்சாருக்குப் போதாது. கடைசியாக, லென்ஸைக் கழற்றி ஒரு பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். கடலோர ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை சிலந்தி வலைபோலப் படர்ந்திருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.